குளிக்கக்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும்
கோழித்தீவனக் கடைக்கும் லாட்டரித் தட்டிக்கும் நடுவே
என் கடை. ஒரு கணினி,
தலையாட்டும் மின்விசிறி, நானூறு எழுத்துரு.
கல்யாணத்துக்கு வளைவது, கட்சிக்குத் தடிப்பது,
செத்தவருக்கு மெலிந்து நிமிர்ந்து நிற்பது.

ஒரே முகத்தை மூன்று முறை அச்சடித்திருக்கிறேன்.
ரோஜா நிறத்தின் முன்னே மாப்பிள்ளை.
கொடி நிறத்தின் முன்னே வேட்பாளர்.
மூன்றாவது முறை அவருடைய தம்பி வந்தார்.
படம் அதேதான், சிரிப்பும் அதேதான்.
நிறத்தை வடித்துவிட்டேன், அவ்வளவே.
எல்லாம் முன்பே தெரிந்திருந்தவரைப் போல ஆகிவிட்டார்.

எதிரே கள்ளுக்கடை.
கறுப்புப் பலகையில் வெள்ளையாக இரண்டே எழுத்து.
கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வருகிற பாதிப்பேருக்கு
மலையாளம் வாசிக்கத் தெரியாது.
ஒருவரும் இதுவரை வழி தவறியதில்லை.

தை மாதம் மெம்பர் ஹம்ஸா வந்தார்.
பழைய பாறைக்குழியில் தண்ணீர் நிற்கிறதாம்.
அறுபதடி என்கிறார்கள், அளந்தவர் இல்லை.
பலகை வேண்டும், ரெண்டு பாஷையிலும்.

மஞ்சளில் கறுப்பு. இங்கே குளிக்கக் கூடாது.
அதில் 'கூடாது'வை மட்டும் பெரிதாக்கிச்
சிவப்பு ஊற்றினேன்.
கண் முதலில் அங்கேதான் இடற வேண்டும்.
மலையாளத்தில் அது நடக்கவில்லை.
அங்கே அந்த மறுப்பு வினையோடு ஒட்டிப் பிறந்தது,
பிரித்தால் சொல் உடையும்.
கறுப்பாகவே விட்டேன், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"இத்தனை 'க' எதுக்கு? ஒன்றைக் குறைத்தால்
எழுத்து இன்னும் பெரிசாகுமே" என்றார் ஹம்ஸா.
அடுத்த சொல்லுக்காக வருகிற எழுத்து அது, இருக்கட்டும் என்றேன்.

மாசி, பங்குனி, சித்திரை.
மலிவு மையில் சிவப்புக்குத்தான் ஆயுசு குறைவு.
எனக்குத் தெரியும்.
இந்தத் தொழிலில் யாருக்குத்தான் தெரியாது.

வைகாசிக் கடைசியில் ராக்கியப்பன் வந்தான்,
தேங்காய் லாரி கிளீனர், எல்எல்ஆர் நகல் எடுக்க.
தலை ஈரம். கவுண்டர்க் கண்ணாடியில்
ஐந்து விரலும் பதிந்தன.
"தண்ணி சில்லுனு கெடக்குதுங்கக்கா.
இப்பத்தான் முங்கிட்டு வாறேன்.
குளிக்கச் சொல்லிப் போர்டே வெச்சிருக்காங்களே!"

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.
மஞ்சள் வெளுத்துச் சுண்ணாம்பாகியிருந்தது.
மலையாளம் ஓர் எழுத்துக் குறையாமல் தடுத்துக்கொண்டிருந்தது.
தமிழில்
இங்கே குளிக்கக்
அதற்கப்புறம் வெறும் பலகை.
அந்த ஒற்று மட்டும், சொல்ல வந்தவன்
வாயை மூடாமல் நிற்பதுபோல.
எழுத்துப்பிழை என்று நினைத்திருப்பான் பையன்.
நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கைப்பையில் சிடியில் எழுதுகிற மார்க்கர் இருந்தது.
எக்கி நின்று எழுதினேன்.
கூ பெரிதாகவும் து சின்னதாகவும் விழுந்தது,
வரி சரிந்து ஆணியில் இடித்தது.

அன்றிரவே புதிய பலகைக்கு உட்கார்ந்தேன்.
மண்டையோடு வைத்துப் பார்த்தேன்.
அது இப்போது எல்லா பைக் டேங்கிலும் இருக்கிறது,
பனியனில் இருக்கிறது, பல்லைக் காட்டுகிறது.
எடுத்துவிட்டேன்.
சிவப்பை எடுத்தேன். சொற்களையும் எடுத்தேன்.
மிஞ்சியது கரை தெரியாத சாம்பல் நீலம்,
ஓரமாக ஒரு பாறை,
அதன்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
நுனி தண்ணீரைப் பார்த்து.

"எந்தா இது, செருப்புக்கடைப் பரஸ்யமோ?"
ஹம்ஸா சிரித்தார். நானும் சிரித்தேன்.
பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்த பழனாத்தாள்,
ஜல்லி சுமக்கிறவள்,
எந்தப் பாஷையும் வாசிக்காதவள்,
எழுந்து திரைக்குக் கிட்டே வந்தாள்.

"இது யாரோட புள்ளையிதுங்க?"

அவசரத்துக்கு
வீட்டு வாசலில் கிடந்ததைப் படம் பிடித்திருந்தேன்.
அளவை நான் யோசிக்கவே இல்லை.
பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.